நாற்பத்தேழாம் எண் அட்டை

புரோட்டான்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை ஜெபமலர் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு.

திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. திங்கள் முதல் சனி வரை மும்மூன்றாகக் கூடிக் குலாவிய புரோட்டான்கள், ஞாயிறன்று ஒன்றையொன்று சீந்தவே இல்லை. ஆயுத பூஜை அன்றும் அப்படித்தான். வேலை நாட்களில் மட்டும் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் கூட்டம் நெரிந்தது.

"டீ குடிக்கப் போகுதுங்க," என்று முணுமுணுத்தாள்.

கல்வராயன் மலைக்கு அடியில், தொண்ணூறு மீட்டர் ஆழத்தில், முப்பது கிலோமீட்டர் வட்டமாக ஒரு சுரங்கம். அதில் புரோட்டான்களை ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிடுவார்கள். ஐந்து வருடமாக மோதவிட்டும் உலகம் திரும்பிப் பார்க்கும்படி ஒன்றும் வரவில்லை. மார்ச்சோடு இழுத்து மூடிவிடலாம் என்று டெல்லியில் ஒரு கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், போன செவ்வாய்க்கிழமை, ஜெபமலரின் வரைபடத்தில் ஒரு சிகரம் எழுந்தது. மூன்று புரோட்டான்களுக்கிடையில் இதுவரை யாரும் காணாத பிரம்மாண்டமான ஈர்ப்பு. இயக்குநர் மாசிலாமணி அறுபது வயதை மறந்து வராந்தாவில் ஓடினார். கேன்டீனில் ஜாங்கிரிக்குச் சொல்லியாயிற்று. இன்று நாலு மணிக்கு டெல்லியோடு காணொளிக் கூட்டம், ஜெபமலர்தான் பேசப்போகிறாள். பேசி முடித்ததும் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்பது ஏற்பாடு.

சொந்த ஊரான நாசரேத்தில் அவள் அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அவள் எழுந்து லிஃப்டை நோக்கி நடந்தாள். கண்டறி கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன் கிங்ஸ்லி, டீயை உறிஞ்சியபடி அங்கே நின்றிருந்தான்.

"என்ன மேடம், நோபல் பரிசுக்குப் புடவை எடுத்தாச்சா?"

"வாயை மூடிட்டு என்கூடக் கீழே வாங்க. உங்க கருவி என்னத்தைப் பதிவு பண்ணித் தொலையுதுன்னு பார்க்கணும்."

"என் கருவி சரியாத்தான் இருக்கு. உங்க புரோகிராம்தான் ஏதாவது சொதப்பியிருக்கும்."

இருவரும் சேர்ந்தால் இப்படித்தான். தனியாக ஒரு நிமிடம் நின்றால் போதும், தீப்பொறி பறக்கும்.

லிஃப்ட் தனபாக்கியத்தின் பொறுப்பு. ஐம்பது வயது, ஓங்குதாங்கான உடம்பு, இடுப்பில் எப்போதும் ஒரு நீலத் துணிப்பை. ஊழியர் சங்கத்துக்கும் அவள்தான் செயலாளர். இரண்டு வாரத்துக்கு முன் இதே லிஃப்ட் பாதியில் நின்று ஏழு பேர் மூன்று மணி நேரம் இருட்டில் தவித்தார்கள். இன்னொரு லிஃப்ட் வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் வேலைநிறுத்தம் என்று சங்கம் முடிவு செய்திருந்தது.

"மூணு பேரா?" என்றாள் தனபாக்கியம், முகத்தைச் சுளித்து. பிறகு பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி, ஏறுங்க," என்றாள்.

கதவு மூடியது. உள்ளே வருபவர்களின் சட்டையில் மாட்டிய பாதுகாப்பு அட்டைகளை எண்ணி, மேலே சிவப்பில் காட்டும் ஏற்பாடு உண்டு. அது 4 என்று காட்டியது.

"எண்ணக்கூடத் தெரியாத லிஃப்ட்," என்றான் கிங்ஸ்லி. "சங்கத்து மனுவுல இதையும் ஒரு குறையா எழுதியிருக்கேன்."

"எழுதாதீங்கன்னு சொன்னேன்ல," என்று தனபாக்கியம் சுவரைப் பார்த்தாள். பிறகு ஜெபமலரிடம், "ஏன் கண்ணு, மூஞ்சி செத்துக் கிடக்கு? இன்னிக்கு உன்னோட நாளாச்சே. ஆமா, நீ அப்படி என்னதான் கண்டுபிடிச்ச?" என்றாள்.

தொண்ணூறு மீட்டர் இறங்க இரண்டரை நிமிடம் ஆகும். ஜெபமலர் சொன்னாள்: "அக்கா, தேர்க் கூட்டத்துல ரெண்டு பேர் ஒட்டி ஒட்டி நடந்தா என்ன நினைப்பீங்க?"

"புதுசாக் கல்யாணம் ஆனவங்க."

"ஒதுங்கி ஒதுங்கி நடந்தா?"

"கல்யாணமாகி ரொம்ப நாள் ஆனவங்க."

"அதேதான். இங்க ஒரு மோதல்ல நூத்துக்கணக்குல துகள் தெறிக்கும். அதுல எந்த ரெண்டு புரோட்டான் பக்கத்துல பக்கத்துல வருதுன்னு எண்ணுவோம். தற்செயலா எத்தனை வரும்னும் தெரியணும் இல்லையா? அதுக்கு இன்னிக்கு மோதல்ல வந்ததையும் நேத்து மோதல்ல வந்ததையும் ஜோடி சேர்ப்போம். அதுங்க ஒண்ணையொண்ணு பார்த்தே இருக்காது. அந்தக் கணக்கைவிட அதிகமா ஒட்டினா ஈர்ப்பு, குறைஞ்சா விலக்கு."

"மூணு வந்தா?"

"மூணுதான் என் வேலை. ரெண்டு ரெண்டா இருக்கிற விசையெல்லாம் கழிச்ச பிறகும், மூணு சேர்ந்தா மட்டும் வர்ற ஒரு மிச்சம் இருக்கும்னு சொல்றாங்க. அது தெரிஞ்சாத்தான் செத்துப்போன சில நட்சத்திரங்கள் ஏன் தனக்குள்ளேயே நொறுங்காம நிக்குதுன்னு புரியும்."

தனபாக்கியம் யோசித்தாள். "எங்க வீட்லயும் அதேதான். நானும் அவரும் மட்டும் இருந்தா பேச்சே கிடையாது. அவரும் பொண்ணும் இருந்தா சண்டை. நானும் பொண்ணும் இருந்தா ரெண்டு பேரும் போனைப் பார்த்துட்டு இருப்போம். மூணு பேரும் உட்கார்ந்தா சிரிச்சே வயிறு வலிக்கும். ரெண்டு ரெண்டாக் கூட்டினா அந்தச் சிரிப்பு எங்கேயும் வராது."

ஜெபமலர் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் முன்னுரையில் கூட இவ்வளவு தெளிவு இல்லை.

கீழே தனபாக்கியமும் கூடவே வந்தாள். கிங்ஸ்லி கணினியைத் திறந்து அவள் பயன்படுத்திய கோப்பைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தான். அவன் தோள்கள் குலுங்கின.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"மேடம், கண்டறி கருவி கட்டினப்போ சிலிக்கான் சில்லு அறுபது மிச்சம் ஆச்சு. வீணாக்கக் கூடாதுன்னு அதையே நம்ம பாதுகாப்பு அட்டைக்குள்ள வெச்சேன். அதனால ரெண்டும் ஒரே மாதிரிதான் பதிவாகும். நேரம், இடம், எண். ரெண்டும் ஒரே இடத்துலதான் சேமிப்பாகும். நீங்க எடுத்தது புரோட்டான் கோப்பு இல்ல. அட்டைக் கோப்பு."

ஜெபமலர் குனிந்து கோப்பின் பெயரைப் படித்தாள்.

"அதாவது, ஆறு மாசமா இந்த வளாகத்துல யார் யாரோட நடந்தாங்கங்கிறதுதான் உங்க நோபல் பரிசு. பன்னிரண்டாம் எண் புரோட்டான் நீங்க. பத்தொன்பது நான். இந்தா பாருங்க, பன்னிரண்டுக்கும் பத்தொன்பதுக்கும் கடுமையான விலக்கு விசை. இதுக்கு எதுக்கு முப்பது கிலோமீட்டர் சுரங்கம்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவளுக்கு அழத்தான் தோன்றியது. ஆனால் தனபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. மூன்று பேரும் சுரங்கம் எதிரொலிக்கச் சிரித்தார்கள். அது அடங்கியதும் ஜெபமலர் சரியான கோப்பைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். முடிய ஆறு மணி நேரம் ஆகும். டெல்லி நாலு மணிக்குக் காத்திருக்கும்.

இயக்குநரின் அறையில் அவள் உண்மையைச் சொன்னபோது மாசிலாமணி கையிலிருந்த ஜாங்கிரியை மறுபடி தட்டில் வைத்தார். பாதி கடித்த ஜாங்கிரி.

"ஞாயிற்றுக்கிழமை லீவா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"ஆமா சார்."

எதிரே உட்கார்ந்திருந்த நிர்வாக அதிகாரி தயானந்தன் மட்டும் நிமிர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம்.

"ஒரு நிமிஷம். அப்போ உங்க புரோகிராம் மனுஷங்களுக்கும் வேலை செய்யுது?"

"செய்யுது சார். ஆனா அது தப்பு..."

"யார் யாரை இழுக்கிறாங்க, யார் யாரை விலக்கறாங்கன்னு சொல்லுது. அதோட, எந்த மூணாவது ஆள் வந்தா ரெண்டு பேர் ஒட்டிக்கிறாங்கன்னும் சொல்லுது."

"ஆமா."

"அந்த மூணாவது ஆளை எடுத்துட்டா?"

ஜெபமலருக்குச் சட்டென்று குளிரடித்தது. "ஒட்டு விட்டுடும்," என்றாள்.

தயானந்தன் புன்னகைத்தார். "திங்கட்கிழமை வேலைநிறுத்தம். நாப்பது பேர். நாப்பது பேரையும் மாத்த முடியாது. ஆனா நடுவுல ஒட்டு மாதிரி ஒரே ஒரு ஆள் இருப்பான். அந்த எண்ணை மட்டும் சொல்லுங்க. லடாக்குல நம்ம மலை நிலையத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

"சார், இதுக்காக நான் எழுதல."

"எதுக்காக எழுதினாலும் சரி. நாலு மணிக்கு டெல்லிகிட்ட புரோட்டானைக் காட்ட முடியாது. இதைக் காட்டுவோம். நாளைக்கு ஒவ்வொரு தொழிற்சாலையும் இதைக் கேட்கும், ஒவ்வொரு ஊரும் கேட்கும். எந்தக் கூட்டத்துல யாரை எடுத்தா அது தானாக் கலையும்னு கையில பட்டியல் இருக்கும். தடியடி வேண்டாம், வழக்கு வேண்டாம். ஒரு மாற்றல் உத்தரவு போதும். இந்தச் சுரங்க வளையத்துக்கு இன்னும் பத்து வருஷம் நான் வாங்கித் தரேன். உங்க வேலையும் நிரந்தரம்."

ஜெபமலர் இயக்குநரைப் பார்த்தாள். அவர் ஜாங்கிரியைப் பார்த்தார்.

"ஓடவிட்டுத்தான் பாரேம்மா," என்றார்.

அந்த எண் எதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தொன்று. தனபாக்கியத்தின் அட்டை எண். அவள் மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை.

வராந்தாவில் காத்திருந்த கிங்ஸ்லி விஷயத்தைக் கேட்டதும் சொன்னான்: "சிம்பிள். ஏதாவது ஒரு பொய் எண்ணை முடிவுல போட்டுடுங்க."

"போடமாட்டேன்."

"அக்கா லடாக் போனா பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? பொய்த் தரவு போடமாட்டேன்னுதான் சொன்னேன். இன்னிக்கு அக்காவுக்காகப் போட்டா நாளைக்கு வேற எதுக்காகவும் போடுவேன். அப்புறம் என் வரைபடத்தை நானே நம்ப முடியாது."

"உங்க நேர்மைய வெச்சு அங்க ஸ்வெட்டர் பின்ன முடியாது மேடம்."

"நீங்க போங்க இங்கேருந்து."

அவன் போனான். பன்னிரண்டுக்கும் பத்தொன்பதுக்கும் விலக்கு விசை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். தயானந்தன் அனுப்பியிருந்த பட்டியலில் ஊழியர்களின் எண்கள் மட்டுமே இருந்தன; அதிகாரிகள் ஒருவரும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அதிகாரி அறைக்குப் போனில் சொன்னாள்:

"சார், கணக்கு சரியா வரணும்னா ஒருத்தரையும் விடக் கூடாது. தற்செயலையும் கணக்குப் போடணுமே. ஒண்ணாம் எண்லேருந்து அறுபது வரைக்கும் எல்லா அட்டையும் வேணும்."

"எடுத்துக்கோங்க," என்றார் தயானந்தன் பெருந்தன்மையாக.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்ட அறையின் பெரிய திரையில் பட்டியல் எழுந்தது. மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தயானந்தனின் கையில் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. எண்ணுக்கும் பெயருக்கும் மட்டும் இடம் காலி.

மூன்றாம் ஆளாக வந்து மற்ற இருவரை ஒட்டவைப்பதில் முதலிடம்: எண் 47.

இரண்டாம் இடத்தில் இருந்த எண் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. சமையல்காரர், தோட்டக்காரர், வெல்டர், காவலாளி என்று யாரும் பாக்கியில்லை. 47 எங்கே போனாலும் அங்கே கூட்டம் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டும் பத்தொன்பதும்கூட 47 வந்தால் ஈர்ப்பில் குழைந்தன. ஜெபமலருக்கு அதைப் பார்க்கும்போது காது சுட்டது. முப்பத்தொன்றைத் தேடினாள். நாலாவது இடத்தில் இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

"யார் இந்த நாப்பத்தேழு?" என்றார் தயானந்தன், பேனாவின் மூடியைக் கழற்றியபடி.

மாசிலாமணி பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்தேழு யாருக்கும் கொடுக்கலையே. உபரின்னு போட்டிருக்கு."

தயானந்தன் எழுந்துவிட்டார். "வெளியாள். நான் அப்பவே நினைச்சேன். ஆறு மாசமா ஒருத்தன் பேரே இல்லாம உள்ள சுத்திட்டு இருக்கான். ஊழியர்களைத் தூண்டிவிடுறான். இப்போ எங்க இருக்கான்?"

ஜெபமலர் வளாகத்தின் வரைபடத்தைத் திறந்தாள். லிஃப்டிலிருந்து நான்கு பச்சைப் புள்ளிகள் வெளியே வந்தன. 31, 19, 38. கூடவே 47.

"கேட்டை மூடச் சொல்லுங்க," என்றார் தயானந்தன். காவலாளிக்கு அவரே போன் செய்தார். புள்ளிகள் வராந்தாவில் திரும்பின. படியேறின. இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். புள்ளிகள் அவர்கள் அறையின் வாசலில் வந்து நின்றன. கதவு தட்டப்பட்டது.

"உள்ளே வாங்க," என்றார் தயானந்தன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

தனபாக்கியம் வந்தாள். பின்னால் கையில் மனுவோடு கிங்ஸ்லி. அவனுக்குப் பின்னால் கேன்டீன் சமையல்காரர், தோளில் துண்டோடு. கதவு மூடிக்கொண்டது.

தயானந்தன் அவர்களைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து வெளியேயும் பார்த்தார். "நாலாவது ஆள் எங்கே?"

"நாங்க மூணு பேர்தாங்க. மனு கொடுக்க வந்தோம்."

"பொய் சொல்லாதே. திரையைப் பாரு. நாலு பேர் வந்தீங்க. நாப்பத்தேழு யாரு?"

தனபாக்கியம் திரையைப் பார்த்தாள், ஜெபமலரைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டபடி இடுப்பிலிருந்த நீலத் துணிப்பையை அவிழ்த்து மேஜை மேல் கவிழ்த்தாள்.

உருண்டையாக ஒரு கூழாங்கல் விழுந்தது. அதன் வயிற்றில் ரப்பர் வளையம் போட்டு ஒரு பாதுகாப்பு அட்டை மாட்டியிருந்தது. எண் 47.

"மூணு பேரா ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாதுங்களே. அதான் நாலாவது ஆளா ஒரு கல். மத்த இடத்துல வெறும் கல்லே போதும். ஆனா இங்க லிஃப்ட்ல அட்டையை எண்ணி மூணுன்னு சிவப்பா காட்டுது. கல்லுக்கும் ஒரு அட்டை இருந்தாத்தானே நாலுன்னு கணக்காகும்? உபரியா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேரா இறங்குறப்போ கல்லை மேலேயே வெச்சுட்டுப் போவேன். கோமுகி ஆத்துலேருந்து கொண்டாந்த கல்லு. மூணு பேரா கிளம்புறவங்க எல்லாரும் என்கிட்ட வந்து வாங்கிட்டுப் போவாங்க. திருப்பியும் கொடுத்துடுவாங்க."

முதலில் சிரித்தது மாசிலாமணி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுச் சிரித்தார். கிங்ஸ்லி மனுவின் ஐந்தாம் குறையான 'லிஃப்ட் தவறாக எண்ணுகிறது' என்பதைப் பேனாவால் மெல்ல அடித்தான்.

தயானந்தன் சிரிக்கவில்லை. "இது விஞ்ஞானக் கூடம்," என்று தொடங்கினார். "அணுவைப் பிளக்கிற இடம். இங்க கல்லுக்கு அட்டை. படிச்சவங்களும் இதை வாங்கிட்டுப் போறாங்கன்னா வெட்கமா இல்ல? இந்த மூடத்தனத்துக்குக் காரணமான ஒவ்வொருத்தர் மேலயும்..."

"சார்," என்றாள் ஜெபமலர். "நாப்பத்தேழோட சேர்ந்த முழுப் பட்டியலும் இருக்கு. வரிசையாப் படிக்கட்டுமா?"

"படிங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

அவள் கர்சரை நகர்த்தினாள். திரையில் ஒரு வரி பெரிதாகத் தெரிந்தது. படிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1, 2, 47.

ஒன்று இயக்குநரின் எண். இரண்டு தயானந்தனுடையது.

தனபாக்கியம் மரியாதையாகவே சொன்னாள்: "போன மாசம் நீங்க, டைரக்டர் ஐயா, துணை இயக்குநர் மூணு பேரும் டெல்லிக்குக் கிளம்பினப்போ சார்தான் லிஃப்ட் வாசலுக்கே வந்து வாங்கிட்டுப் போனீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை. சொன்ன மாதிரி திருப்பிக் கொடுத்தீங்க. குறை சொல்லக் கூடாது."

மாசிலாமணி கூரையைப் பார்த்துக்கொண்டே, "வளையத்துக்காகத்தானேய்யா போனோம்," என்றார்.

தயானந்தன் மாற்றல் உத்தரவை நான்காக மடித்தார். மறுபடி மடித்தார். இதற்கு மேல் மடிக்க முடியாது என்றானதும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி கிங்ஸ்லியிடமிருந்து மனுவை வாங்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு லிஃப்ட் விஷயமா டெல்லிக்கு இன்னிக்கே எழுதறேன்," என்றார். "ஜெபமலர், கல்லையும் மனுஷனையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாத புரோகிராமை வெளியே காட்டினா உலகமே சிரிக்கும். அந்தப் பட்டியலை அழிச்சிடுங்க. அட்டைக் கோப்பையும் சேர்த்து."

"இப்பவே சார்," என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் அழித்ததில்லை. டெல்லிக்கு, முடிவு இன்னும் தயாராகவில்லை என்று செய்தி போயிற்று. அது முழுக்க உண்மை.

ஆறு மணிக்குச் சரியான கோப்பு முடிந்தது. வரைபடத்தில் பிரம்மாண்டமான சிகரம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டிரண்டாக உள்ள விசைகளைக் கழித்த பிறகும் ஒரு சின்ன மிச்சம் இருந்தது. மூன்று சேர்ந்தால் மட்டும் எழும் ஒரு மெல்லிய தள்ளல், நட்சத்திரத்தை நொறுங்காமல் நிறுத்துமளவு. அவள் நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. ஆயுத பூஜை அன்றும் இருந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள்.

"யாருக்குக் கைதட்டல்?"

கிங்ஸ்லி வாசலில் நின்றிருந்தான். கையில் நீலத் துணிப்பை.

"மதியம் நான் பேசினது தப்புதான்," என்றான். "நீங்க பொய் எண் போட்டிருந்தா வேற யாராவது மாட்டியிருப்பாங்க. ஆனா உங்க புரோகிராம் ஒண்ணும் அவ்வளவு முட்டாள் இல்ல மேடம். நாம ரெண்டு பேர் மட்டும் நின்னா விலக்கு. கல் கூட இருந்தா ஈர்ப்பு. சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்களும் அக்காவும் இறங்கும்போதெல்லாம் நான் ஓடிவந்து மூணாவதா ஏறிப்பேன். நான் ஏறினாத்தானே கல் தேவைப்படும்? எனக்குக் கீழே பாதி நாள் வேலையே இருக்காது."

ஜெபமலர் திரையைப் பார்த்தபடி, "இப்போ நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்," என்றாள். "எதுக்குக் கல்லைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"அக்காகிட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கியிருக்கேன். நாசரேத் வரைக்கும் போகணும். அப்பா, அம்மா, நான். மூணு பேர்." அவன் பையின் சுருக்கைத் திருகிக்கொண்டிருந்தான். "எங்க அம்மா சர்ச்சுக்குத் தவறாமப் போறவங்கதான். ஆனா இந்த மூணு பேர் விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க."

அவள் திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கையை நீட்டிப் பையை வாங்கினாள். கல்லை வெளியே எடுத்து, ரப்பர் வளையத்தை உருவி, நாற்பத்தேழாம் எண் அட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள். கல்லை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க வீட்ல யாரும் சிவப்பு எழுத்துல எண்ணிக் காட்ட மாட்டாங்க," என்றாள். "காலையில பத்து மணிக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல அப்பா ஆராதனைக்குக் கிளம்பிடுவார்."